அக்காவின் கத்திக்கு இரண்டு டியூப்

திருவண்ணாமலை,
21-4-1985, ஞாயிறு, காலை ஆறு மணி நாற்பது நிமிடம்.
கத்தி ஒன்று, கைப்பிடி ஒன்று, இரண்டும் பிரிந்திருந்த நாள் ஒன்பது.

அன்புள்ள சந்திரகலா அக்காவுக்கு, தம்பி வேணு எழுதுவது. இங்கே அம்மா நலம், நான் நலம், மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. அங்கே நீ, மாமா, குழந்தை மூவரும் நலமென்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உன் காய் நறுக்கும் கத்தியை உடைத்தது நான்தான். பெயிண்ட் டப்பா மூடியை அதால் நெம்பினேன். பிடிக்குள் இருந்த பழைய அரக்கு பொடிப்பொடியாக உதிர்ந்து, கத்தி தனி, பிடி தனி. அடுத்த வாரம் நீ வருகிறாய் என்று அம்மா கிளிமூக்கு மாங்காயாகப் பார்த்து வாங்கிச் சேர்க்கிறாள். புதுப் பிடி போட்டுவிடு என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கல்யாணமாகிப் போகும்வரை பன்னிரண்டு வருஷம் நீ அழுத்தி அழுத்தி அந்த மரத்தில் உன் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. புதுப் பிடியில் அது வருமா? இது பாசம் இல்லை, அளவு.

மறுபடி அரக்கு வைத்தால் வெந்நீர் பட்டு இளகும். தச்சர்கள் காய்ச்சி ஒட்டுகிற வஜ்ஜிரம் தண்ணீரிலேயே கரையும். எபாக்ஸி என்கிற பசைதான் சரி; அதிலும் ஐந்து நிமிடத்தில் இறுகுவது உதவாது, இருபத்துநாலு மணி நேரம் எடுத்துக்கொள்வதுதான் நிற்கும். டியூப் இரண்டு: ஒன்று பிசின், மற்றது அதை இறுக வைக்கும் ஹார்டனர். சரிக்குச் சரி கலக்க வேண்டும். இதை ஏழு கடையில் விளக்கினேன். ஏழாவது கடைக்காரர், தேரடித் தெரு ஆதிமூலம், இருக்கிறது என்று எடுத்து வைத்தார். ஹார்டனர் மட்டும். பிசின் எங்கே என்றால், "அடி அண்ணாமலை டீக்கடைக்காரரு ஒண்ணு போதும்னாரு தம்பி. பிரிச்சிக் குடுத்துட்டேன்" என்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் ஒட்டும் என்று அட்டையிலேயே போட்டிருக்குமே என்றேன். அட்டையையும் அவரே கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டாராம், விசிறிக்கொள்ள.

ஹார்டனரை வாங்கிக்கொண்டு, மலைக்குப் பின்னால் இருக்கிற அடி அண்ணாமலை ஊருக்குச் சைக்கிளை மிதித்தேன். அந்த டீக்கடை இருசப்பன் வெறும் பிசினைத் தடவி, ரேடியோப் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருக்கிறார். "இன்னும் காயலை தம்பி. மூணு பௌர்ணமி பாத்துட்டேன், ஈதான் ஒட்டுது" என்றார். ஏன் காயாது என்று காரணம் சொன்னேன். காரணம் அவருக்கு வேண்டாம், முதலில் ரேடியோ, அப்புறம் டியூப். ஈ உட்பட பழசைச் சுரண்டி, புதிதாகக் கலந்து ஒட்டிக் கொடுத்தேன். மறுநாள் பெட்டியை நாலு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் மீதிப் பிசின் என் கைக்கு வந்தது.

முந்தாநாள் கத்தியின் காம்பை, அதாவது பிடிக்குள் போகிற முனையை, உப்புத்தாளால் தேய்த்து ஒட்டினேன். நேற்று கையில் பிடித்துப் பார்த்தால் பள்ளத்தில் என் கட்டைவிரல் கச்சிதமாக உட்கார்ந்தது. அக்கா, அந்த நேரம் அடுப்படி ஞாபகம் வந்துடுச்சி. நீ மாங்காய் சீவுவாய். உனக்கு எதிரே நான், உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைத்துக்கொண்டு. அவசரப்பட்டுக் கை நீட்டினால் கத்தி முதுகால் ஒரு தட்டு. "கைய எடுடா இன்ஜினீரு." அப்போ நான் ஆறாவது. இப்போ டிப்ளமா முடிச்சி மோட்டார் ரிப்பேர் கடையில எல்லாருமே என்னை இன்ஜினீருன்னுதான் கூப்பிடுறாங்க. ஒருத்தருக்கும் உன்னை மாதிரி சொல்ல வரலை.

போகட்டும். ஒட்டு இறுகிவிட்டது. இனி மலை நகர்ந்தாலும் அது நகராது.

மாமாவுக்கு வணக்கம். குழந்தைக்கு ஒரு முத்தம். அண்ணாமலையார் எல்லோரையும் நல்லபடி வைக்கட்டும் என்று அம்மா எழுதச் சொன்னாள்.

உன் தம்பி,
வேணு

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது அம்மா கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "பள்ளத்தை உன் கைக்கு வாகா வெச்சி ஒட்டியிருக்கியேடா. அவ இடதுகைக்காரி ஆச்சே" என்றாள். நான் எப்போதும் எதிரே உட்கார்ந்தே பார்த்தவன். உன் இடது கை எனக்கு வலப்பக்கம்தான் இருந்தது. ஆகவே:

1. இன்றைக்கே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கத்தியை அதில் போடுவேன். கொதிநீரில் எபாக்ஸியும் இளகும். அரக்கைப் பற்றி மேலே எழுதியதை அடித்துவிடு.

2. மீதிப் பசையைக் கலந்து, பிடியைத் திருப்பி ஒட்டுவேன். ஒட்டுமுன் அம்மாவிடம் காட்டுவேன்.

3. அதுவும் சரிவராவிட்டால், நீ வந்ததும் மாங்காயை நான் சீவுகிறேன். நீ எதிரே உட்கார். அவசரப்பட்டுக் கை நீட்டினால் தட்டு விழும்.