'விட்டுவிடவா?' என்ற கேள்வியைத் திருத்தக் கோரி

இரணியல்,
25.11.2013

கர்த்தருக்குள் பிரியமான மகன் பெனினுக்கு,

சித்தப்பா ஜெபமணி எழுதுவது. இங்கு எனக்கும் உன் சித்தி நேசபாய்க்கும் சரீரத்தில் குறைவொன்றும் இல்லை. திருவனந்தபுரத்தில் உன் சுகத்துக்காகவும் உன் கம்பெனிக்காகவும் தினமும் ஜெபிக்கிறேன். கம்பெனிக்காகக் கொஞ்சம் கூடுதலாக.

உங்கள் கம்பெனி மென்பொருளுக்காக நீ அனுப்பிய உதவிக் கையேட்டின் தமிழைத் திருத்தும் பணியை, முப்பத்தொரு வருடம் தமிழாசிரியராக இருந்தவன் என்ற முறையில் மனமுவந்து ஏற்றேன். ஒருவர் எழுதுவதன் பழைய வடிவம், புதிய வடிவம் எல்லாவற்றையும் உங்கள் மென்பொருள் பத்திரமாக வைத்துக்கொள்ளும், எதுவும் தொலையாது என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அதில் ஓர் ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தினேன். கையேடு சாதாரண ஜனங்களுக்குப் புரிகிறதா என்று பார்க்க ஓர் ஆள் வேண்டுமே என்று, சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குக் கிறிஸ்துமஸ் நாடகம் எழுதிக்கொண்டிருந்த உன் சித்தியை அந்த மென்பொருளிலேயே தட்டச்சு செய்யச் சொன்னேன். இருபத்திரண்டு நாள் உட்கார்ந்து செய்தாள். நாடகத்தில் சத்திரக்காரன் மனைவிக்கு மட்டும் ஆறு பக்கம் வசனம். 'வேலை முடிந்ததும் பதிவு செய்க' என்று கையேட்டில் கண்டிருந்தபடியால், நாடகம் முடியட்டும் என்று ஒரு நாளும் பதிவு செய்யவில்லை.

இருபத்திரண்டாம் நாள் மாலை அவள் கை எதிலோ பட, திரையில் 'மாற்றங்களை விட்டுவிடவா?' என்று ஒரு கேள்வி வந்தது.

"இஞ்ச பாருங்க, விட்டுவிடவான்னு கேக்குது. என்னத்த சொல்ல?" என்றாள்.

"அந்தப் பிள்ளைய விட்டுருன்னா அடிக்காதேன்னுதானே அர்த்தம்? அதுமாதிரி இது, தொடாம விட்டுவைக்கட்டுமான்னு கேக்குது. ஆமான்னு அமுக்கு" என்றேன்.

அவள் தயங்கினாள். நானே அமுக்கினேன். சத்திரக்காரன் மனைவி போனாள், மேய்ப்பர்கள் போனார்கள், ஏரோது தன் படையோடு போனான். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று வந்தது.

உன் சித்தி திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "முப்பத்தொரு வருசம் பிள்ளையளுக்கு என்னத்த படிப்பிச்சிய?" என்றாள். அதன்பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு வந்தது, மீன் வரவில்லை. ஞாயிறு ஆராதனையில் போதகர் 'அறியாமல் அழித்தவர்களுக்காகவும்' ஜெபித்தார். ஐக்கியத்துப் பெண்கள் அத்தனை பேரும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். நானும் திறந்திருந்ததால் தெரியும்.

மனம் கேட்காமல் அந்தக் கேள்வியைத் திருத்த உட்கார்ந்தேன். 'இதை அழுத்தினால், தாங்கள் பதிவு செய்யாமல் எழுதிய யாவும் அழிந்துபோகும், ஒருபோதும் திரும்பக் கிடைக்காது, ஆகவே வீட்டாரைக் கலந்துகொண்டு அழுத்தவும்' என்று எழுதி அனுப்பினேன். உன் மேலதிகாரி ரெஜிஷா போனில் கூப்பிட்டு, "நல்லாத்தான் இருக்கு சார். ஆனா அந்தப் பெட்டிக்குள்ள மூணு வார்த்தைதான் கொள்ளும்" என்றார். வீட்டாரையாவது வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். இடமில்லையாம். பதினேழு விதமாக எழுதிப் பார்த்தேன். 'நீக்கவா' என்றால் எதிலிருந்து எதை என்று கேள்வி வருகிறது. 'கைவிடவா' என்றால் கர்த்தரே கேட்கிறார் என்று சபையார் பயந்துபோவார்கள். இன்று காலை உன் சித்தி தேங்காய் துருவிக்கொண்டே, என்னைப் பாராமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "அழிக்கவா, திரும்பக் கிடைக்காது. இதுக்கு எதுக்கு இத்தன தாளு?"

எண்ணிப் பார்த்தேன். மூன்று வார்த்தை.

ஆகையால் அதையே போட்டுவிடு. 'வேலை முடிந்ததும்' என்பதை 'அன்றன்றே' என்று மாற்று. ஒருத்தி பாடுபட்டு எழுதிய நாடகத்தை ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டு அழித்தவன், இனி யாருடைய தமிழையும் திருத்தத் தகுதியற்றவன். மீதி அறுபது பக்கத்தை வேறு ஆளுக்குக் கொடு. இந்த வருடம் நாடகம் இல்லை என்று நாளை நானே போதகரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்.

நீ கைவைக்கும் காரியங்களையெல்லாம் கர்த்தர் வாய்க்கச்செய்து, நேரத்துக்குச் சாப்பிடும் புத்தியையும் உனக்குத் தருவாராக.

இப்படிக்கு,
உன் சித்தப்பா
த. ஜெபமணி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உன் சித்தி வாங்கி வாசித்தாள். பிறகு அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்து மேசையில் வைத்தாள். நாடகம் முழுவதும் அவள் கையெழுத்தில் இருக்கிறது. தினமும் அதில் எழுதிவிட்டுத்தான் தட்டச்சு செய்தாளாம். "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொல்லியிருந்தா அந்த வரிய திருத்தியிருப்பியளா?" என்றாள். மீதி அறுபது பக்கத்தையும் வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம். உன் சித்தி பெயருக்கு அனுப்பு.