ரஜாய்க் கடைக்காரர் வாங்கிய ரிவால்வர்

ஒருவன் பெரிய மனிதனா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு ஊரிலும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சில ஊரில் நிலத்தைப் பார்ப்பார்கள், சில ஊரில் படிப்பைப் பார்ப்பார்கள். சம்பல் ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் கரௌந்தாவில், இடுப்பைப் பார்ப்போம். இடுப்பில் துப்பாக்கி இருந்தால் உட்கார நாற்காலி வரும், ஏலக்காய் தட்டிப் போட்ட டீ வரும். இல்லாதவனுக்கும் டீ வரும், ஆறிப்போய் வரும். காய்கறிச் சந்தைக்குப் போகிறவன் தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கியை மாட்டிக்கொண்டுதான் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுவான். கத்திரிக்காய்க்காரனும் தன்னுடையதைத் தராசுக்குப் பக்கத்தில் சாத்திவைத்திருப்பதால் விலையைக் குறைக்க மாட்டான்.

இதனால் ஊரில் தினம் கொலை என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் சுடுவது கல்யாணத்தில் மட்டும்தான். மாப்பிள்ளை ஊர்வலம் பெண் வீட்டு வாசலுக்கு வந்ததும், அவர்கள் வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார்கள். பெண்ணைப் பெற்றவர் பதிலுக்கு ஒரு வெடி போட வேண்டும். அது வராவிட்டால் அந்த வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்று அர்த்தம். ஊர்வலம் மாப்பிள்ளையின் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. அப்படித் திரும்பிப் போன குதிரைகளும் உண்டு.

என் கஜக் மிட்டாய்க் கடைக்கு நேர் எதிரே, பஞ்சு அடைத்த குளிர்காலப் போர்வை விற்கிற ஹரிவிலாஸின் ரஜாய்க் கடை. நாள் முழுக்க எள்ளையும் வெல்லத்தையும் சம்மட்டியால் அடிக்கிற எனக்குக் குரல் கொஞ்சம் ஜாஸ்தி. நாள் முழுக்கப் பஞ்சோடு பழகும் ஹரிவிலாஸுக்குக் குரலே கிடையாது. கடன் சொன்னவனைக்கூட, "இன்னொரு ரஜாய் காட்டட்டுமா பாயிசாப்?" என்றுதான் திட்டுவார். அவருடைய அப்பா வைத்திருந்த ஒரே ஆயுதம் பஞ்சடிக்கிற வில்.

அவருடைய ஒரே மகள் மாண்டவிக்குப் பக்கத்து ஊர் பிலௌவாவில் வரன் அமைந்தது. பையன் நல்லவன், இவளுக்கும் பிடித்திருந்தது. பையனின் பெரியப்பா ஜண்டேல் சிங்தான் அந்த வீட்டில் எல்லாம். நிச்சயதார்த்தத்தில் மீசையை ஒதுக்கி என் கஜக்கை ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எல்லாம் சரி சம்பந்தி. வாசல்ல எங்க வெடிக்கு யாரு பதில் வெடி போடப்போறா?"

ஹரிவிலாஸ் என்னைப் பார்த்தார். நான் கஜக்கைப் பார்த்தேன். "நானே போடறேன் சம்பந்திஜி" என்று அவர் சொல்லிவிட்டார்.

லைசென்ஸ் வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தால் மாண்டவிக்குப் பேரன் பிறந்துவிடுவான், அதை விடுங்கள். லைசென்ஸோடு நஃபீஸ் பாயின் துப்பாக்கிக் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். நஃபீஸ் பாய் முதலில் ஒரு பெரிய ரிவால்வரைத் துணி விரித்து வைத்து விலையைச் சொன்னார். ஹரிவிலாஸ் உட்கார்ந்துவிட்டார். பாய் அவருக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, உள்ளேயிருந்து உள்ளங்கையில் அடங்குகிற மாதிரி ஒரு குட்டி ரிவால்வரை எடுத்துவந்தார். விலை பாதிதான்.

"குறி எப்படி இருக்கும்?" என்று கேட்டார் ஹரிவிலாஸ்.

"எதைக் குறி வைக்கப்போறீங்க?"

"வானத்தை."

"அப்ப தவறவே தவறாது."

ஹரிவிலாஸ் ஜோசியரிடம் காட்டுவதுபோல அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டினார். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது. என்ன பாய் இது, கிலுகிலுப்பை மாதிரி இருக்கிறதே என்று நான் கேட்டேன். நஃபீஸ் பாய் நியாயமான மனுஷன், ஒளிக்கவில்லை. குண்டு போடுகிற உருளை கொஞ்சம் ஆடத்தான் செய்யும், குழல் கட்டைவிரல் நீளம்தான், எதிரே நிற்கிற எருமையைச் சுட்டால் எருமைக்கும் தெரியாது, எங்கே போயிற்று என்று குண்டுக்கும் தெரியாது, விசையை இழுக்க நல்ல சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். பிறகு, "கெட்டியா இருந்தா கனக்கும். கனத்தா விலை ஏறும். உங்களுக்கு விலை லேசா இருக்கணும்தானே?" என்றார். நியாயம்தான் என்று பட்டது. வாங்கிவிட்டோம்.

வாங்கின பிறகுதான் பெரிய குறை தெரிந்தது. இடுப்பில் செருகினால் அது வெளியே தெரியவே இல்லை. குர்த்தாவுக்குள் புகையிலை டப்பா வைத்திருக்கிறார் என்றுதான் ஊர் நினைத்தது, டீயும் ஆறியே வந்தது. சின்னதாகத்தான் வாங்க முடியும், பெரிசாகத்தான் தெரிய வேண்டும். என்ன செய்வார் மனுஷன். பெரிய ரிவால்வருக்கான தோலுறை ஒன்றைத் தைக்கச் சொல்லி, அடியில் பஞ்சை அடைத்து, மேலே அந்தக் குட்டியை உட்காரவைத்தார். எலியை வாங்கிவிட்டு யானைக்குக் கட்டுத்தறி அடித்த மாதிரி இருந்தது. ஆனால் மறுநாளே ஏலக்காய் டீ வந்துவிட்டது. அந்த மாதமே ஊரில் பல இடுப்புகள் திடீரென்று பருத்தன, ஹரிவிலாஸ் கடையில் உதிரிப் பஞ்சு நன்றாக விற்றது.

இந்த நேரத்தில்தான் புதிய கலெக்டர்சாஹிப் வந்தார். அதற்கு முந்தைய கல்யாண சீசனில் யாரோ வானத்தைச் சுடப்போய் பேண்டு வாத்தியக்காரரின் பெரிய மேளத்தில் ஓட்டை போட்டிருந்தார்கள். கலெக்டர்சாஹிப் ஆழ்ந்து யோசித்து ஓர் ஆணை பிறப்பித்தார். "வானத்தை நோக்கிச் சுடுவோர், வானத்தையே சுட வல்லவர்தாமா என்பதை உறுதிசெய்யும் பொருட்டு, ஒவ்வொருவரும் தத்தம் ஆயுதத்துக்குத் தரம் மற்றும் குறித்துல்லியச் சான்றிதழ் பெறக் கடவர்." சான்றிதழ் இல்லாத துப்பாக்கியை அரசு எடுத்துக்கொள்ளும்.

சோதனை போலீஸ் மைதானத்தில், நடத்துபவர் ஸ்டேஷன் அதிகாரி தாரோகா பாடக். ஹரிவிலாஸ் போய் நின்றார். துணைக்கு நான்.

"குண்டு எங்கே?" என்றார் தாரோகா.

"கடையில கேட்டேன் சாஹிப். சான்றிதழ் காட்டினாத்தான் குண்டு தருவாங்களாம்."

"சுட்டுக் காட்டினாத்தான் சான்றிதழ்."

"குண்டு இல்லாம எப்படி சாஹிப் சுடறது?"

தாரோகா பெருமூச்சு விட்டார். இந்தச் சிக்கல் மேலிடத்துக்குத் தெரியாமல் இல்லை, அதற்கும் விளக்கச் சுற்றறிக்கை வந்துவிட்டது என்றார். அதன்படி, விண்ணப்பதாரர் ஆயுதத்தைப் பலகைக்கு நேரே நீட்டி, குண்டுக்குரிய சத்தத்தைத் தாமே வாயால் எழுப்ப வேண்டும். சத்தத்தின் திறத்தைக் கொண்டு அதிகாரி குண்டு எங்கே பட்டது என்று முடிவு செய்து, பலகையில் அந்த இடத்தில் பேனாவால் ஓட்டை வரைவார்.

ஹரிவிலாஸ் ரிவால்வரை நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு, ரஜாய் காட்டட்டுமா என்கிற அதே குரலில், "டமால்" என்றார்.

தாரோகா பலகையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "குண்டு பாதி வழியில விழுந்துடுச்சு. துப்பாக்கி தரமில்லை. அடுத்த வியாழக்கிழமை வாங்க."

நாங்கள் சோகமாகத் திரும்பும்போது ஒரு வேடிக்கையும் பார்த்தோம். பெரிய ரிவால்வர் வைத்திருந்த மில் முதலாளி ஒருவரும் தேறவில்லை, அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது.

கல்யாணமோ நெருங்குகிறது. ரிவால்வர் பறிபோனால் வாசலில் பதில் இல்லை, பதில் இல்லையென்றால் குதிரை திரும்பிவிடும். ஹரிவிலாஸ் கடையை மூடிவிட்டு, அதற்கு மேலேயே இருக்கும் வீட்டில் டமால் டமால் என்று பயிற்சி செய்தார். அவர் மனைவி, உடம்புக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து மோர் கரைத்துக் கொடுத்தாள். கடைசியில் மாண்டவிதான் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தொண்டையிலேர்ந்து வருது பாபுஜி, அதான் விழுந்துடுது. வயித்துலேர்ந்து வரணும். உங்க பொண்ணை வாசல்லயே வெச்சுட்டுக் குதிரையைத் திருப்பறாங்கன்னு நெனைச்சுக்கோங்க."

அடுத்த சத்தத்துக்கு எதிர்ச்சாரியில் என் கடைக் கண்ணாடி ஜாடி அதிர்ந்தது. இத்தனை வருஷம் அந்தச் சத்தத்தை எங்கே வைத்திருந்தாரோ தெரியவில்லை. வியாழக்கிழமை மைதானத்தில் புறாக்கள் எல்லாம் பறந்தன. தாரோகா பாடக் பலகையின் நட்டநடுவில் பேனாவை வைத்து, கொஞ்சம் அழுத்தியே வரைந்தார். தரம் உயர்வு, குறி நூற்றுக்கு நூறு என்று சான்றிதழ் வந்தது.

பிறகு கேட்க வேண்டுமா. ஜில்லா முழுக்க அதுவே பேச்சு. நல்ல துப்பாக்கி எது என்று யாரும் கேட்கவில்லை, நல்ல தொண்டை எது என்று கேட்டார்கள். அதிமதுரம் கிடைக்காமல் போயிற்று. நான் அதை இடித்துச் சேர்த்து, ரிவால்வர் கஜக் என்று பெயர் வைத்து விற்றேன். துப்பாக்கி வாங்க வசதியில்லாதவர்கள் தொண்டையை மட்டும் கொண்டுபோய்ச் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டினார்கள். அதற்கும் ஏலக்காய் டீ வந்தது. நானும் வாங்கினேன், ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா.

கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்து முடித்த கையோடு தேர்தலை அறிவித்துவிட்டார்கள். தேர்தல் வந்தால் எங்கள் பக்கம் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முகூர்த்தத்தை மாற்ற முடியாது, துப்பாக்கியைக் கேட்டு வாங்க முடியாது. ஹரிவிலாஸுக்கு இருந்த கொஞ்சம் ரத்தமும் வற்றிவிட்டது.

ஊர்வலம் வந்தது. வாசலில் நின்றது. அந்தப் பக்கம் இருந்த இடுப்புகளிலும் தோலுறை மட்டும்தான், பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. பேண்டு நின்றுவிட்டது. வழக்கத்தை விடவும் முடியாது, செய்யவும் முடியாது என்று எல்லாரும் ஜண்டேல் சிங்கின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார். ஒற்றை விரலை வானத்துக்கு நேரே நீட்டினார்.

"டமால்" என்றார். அவரும் இதே ஜில்லாவில் தேறியவர்தானே.

இப்போது ஊரே ஹரிவிலாஸைப் பார்த்தது. மாடி ஜன்னலில் மாண்டவி முக்காட்டை விலக்கிக்கொண்டு நின்றாள். ஹரிவிலாஸ் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டு விரலை உயர்த்தினார். அடேயப்பா, அந்த டமாலில் குதிரை பின்காலில் நின்றது, மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். ஜண்டேல் சிங் ஓடிவந்து ஹரிவிலாஸைத் தழுவிக்கொண்டார். இப்படி ஒரு பதிலைத் தன் ஆயுளில் கேட்டதில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார். மேளத்தில் ஓட்டை விழாத முதல் கல்யாணம் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, நானும் ஒன்று போட்டேன். இரண்டு பக்கமும் சரமாரியாகப் போட்டார்கள்.

விருந்துக்கு வந்திருந்த தாரோகா பாடக், பூரியை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"தேர்தல் விதி அமல்ல இருக்கறப்ப கல்யாணத்துல சுட்டிருக்கீங்க."

"துப்பாக்கி உங்க ஸ்டேஷன்லதான் இருக்கு சாஹிப்" என்றார் ஹரிவிலாஸ்.

"துப்பாக்கியைப் பத்தி யார் பேசினா? அரசு எதைச் சோதிச்சுச் சான்றிதழ் குடுத்துது? வாயைத்தானே. குறி நூத்துக்கு நூறுள்ள வாயை எலெக்ஷன் நேரத்துல வெளியில விட்டுவைக்க முடியுமா?"

யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அங்கேயே மேஜை போட்டு, சான்றிதழ் வாங்கிய அத்தனை வாய்களையும் அரசுப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு ரசீது கொடுத்தார். என் ரசீதில், "வாய் ஒன்று, பற்களுடன்" என்று இருந்தது. சாப்பிடத் தடையில்லை, உள்ளே போகலாம். எதுவும் வெளியே வரக் கூடாது. வந்தால் ஒப்படைத்த ஆயுதத்தைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்திய வழக்கு.

விடிந்ததும் பெண்ணை அனுப்பும் நேரம். மாண்டவி அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "ஏதாவது சொல்லுங்க பாபுஜி" என்றாள். ஹரிவிலாஸ் வாயைத் திறந்தார். தாரோகா ஜிலேபியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். ஹரிவிலாஸ் மூடிக்கொண்டார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஊரின் அவ்வளவு சத்தமான தொண்டைகளும் அங்கே நின்றுகொண்டிருந்தன, ஒன்றும் வாயைத் திறக்கவில்லை.

தேர்தல் அமைதியாக நடந்தது. வேட்பாளர்கள் வந்து, ஏதாவது குறை உண்டா என்று கேட்டார்கள். நாங்கள் ரசீதை எடுத்துக் காட்டினோம். இவ்வளவு திருப்தியான மக்களை எங்கும் பார்த்ததில்லை என்று கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எல்லாம் முடிந்து துப்பாக்கிகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாயைப் பற்றிச் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தது. வேண்டுவோர் நேரில் வந்து வாய்மொழியாகக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். கேட்டால் வழக்கு, கேட்காவிட்டால் வாய் இல்லை. ஹரிவிலாஸ் வியாழக்கிழமைதோறும் போய் அந்த மேஜைக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறார்.

மாண்டவி தினமும் போன் செய்கிறாள். பேசுவதெல்லாம் அவள்தான். கடைசியில், "நல்லா இருக்கீங்களா பாபுஜி?" என்று கேட்பாள். இவர் ரிவால்வரை எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் ஆட்டுவார். கிலுகிலுவென்று கேட்டதும் அவள் சரி என்று வைத்துவிடுவாள். விலை உயர்ந்த ரிவால்வராக இருந்தால் இந்தச் சத்தம் வருமா, தரம் தெரிந்துதான் கொடுத்தேன் என்கிறார் நஃபீஸ் பாய். அவர் சான்றிதழ் வாங்காதவர், பேசலாம்.

என் ரசீதும் பத்திரமாக இருக்கிறது. அதனால்தான் இதையெல்லாம் உங்களுக்கு எழுதிக் காட்டுகிறேன். இப்போது எழுதுகிற கைகளுக்கும் குறித்துல்லியச் சான்றிதழ் தரப்போகிறார்களாம். சுவரில் மாட்டினால் அழகாக இருக்கும், முதல் ஆளாக என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.