ஆட்டின் கழுத்தில் இருந்த அட்டை

தண்ணீரூற்று

அன்புள்ள இர்ஷாத் நானாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். புத்தளத்தில் நீங்களும் மதினியும் சின்னவளும் சுகமாக இருக்க வேண்டும். நாங்கள் சுகமா என்று தெரியாது; அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் வாப்பா பறித்துக் கதைப்பார்.

பள்ளிக்கூட மண்டபத்தில் அதிகாரி, “எல்லாரும் அட்டையை ஒவ்வொரு நாளும் கழுத்தில போட்டனீங்கள்தானே?” என்று கேட்டபோது, “இல்லை சேர்” என்று நான் சொல்லவில்லை. ஊரே “ஓம் சேர்” என்றது.

கடலுக்கு அங்கால அணு உலை வெடித்து, அந்த மழை எங்கட பக்கமும் பெய்த பிறகு, ஆளுக்கொரு அட்டை தந்தார்கள். ஒரு மாதம் கழுத்தில் தொங்கவிட்டால், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டதென்று அது காட்டுமாம். உம்மா எங்கட அட்டை எல்லாவற்றையும் அன்றைக்கே பொலித்தீன் பையில் சுற்றி, காணி உறுதிப் பத்திரத்தோடு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினா. “அரசாங்கச் சாமான். ஊத்தையாக்கிக் குடுத்தால் நிவாரணப் பட்டியலில பேரை வெட்டிப்போடுவாங்கள். இடம்பெயர்ந்தவளுக்குப் படிப்பிக்க வாறியா நீ?” என்னுடையதையாவது தாங்கோ என்றேன். திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு போயிட்டா. பக்கத்து வீட்டு இராசேஸ்வரி அக்கா அரிசி வாளிக்குள் புதைத்து வைத்தா. திருப்பிக் கொடுக்கிற நாளில் ஊரே குளித்து, அயர்ன் பண்ணின உடுப்போடு, அட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அதிகாரி பூரித்துப்போனார்: “இவ்வளவு துப்புரவா வச்சிருந்த சனத்தை நான் எங்கயும் காணேல்லை!”

கடைக்கார நிஸார் மாமா மட்டும் தன் அட்டையை ஆட்டின் கழுத்தில் கட்டியிருந்தார். “நான் கடைக்குள்ள குந்தியிருக்கிறன். வயல், குளம் எல்லாம் திரியிறது அதுதானே?” முடிவு வந்தபோது அந்த அட்டை மட்டும் பல மடங்கு கூடக் காட்டியது. மாமாவைக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்கள், அவரில் ஒன்றுமில்லை. தண்டம் அடிப்பார்களோ என்ற பயத்தில் அவர் ஆட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆகவே அட்டை பழுது, ஊர் சுத்தம் என்று அறிவித்தார்கள். வாப்பா எழும்பி, “அகதியாப் போய்த் திரும்பி வந்த மண் இது. இனி என்ர மகனும் வரலாம்” என்று அழுதார். அந்த அழுகைக்கு முன்னால் எப்படி நானா வாய் திறக்கிறது?

வராதீங்கோ நானா. அலுமாரிக்குள் கதிர்வீச்சு இல்லை என்பது மட்டும்தான் நிச்சயம். அதற்குள் குடியிருக்க முடியுமென்றால் சின்னவளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. வெளியில் எவ்வளவென்று அறிந்தது ஒரு ஆடு. அதை ஒருவரும் கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

மதினிக்கு ஸலாம். சின்னவளைக் கொஞ்சினேன் என்று சொல்லுங்கோ. எனக்குக் கொஞ்சம் துணிவு வர துஆச் செய்யுங்கோ.

தங்கை,
றுமானா

பி.கு.: இதைத் தபாலில் சேர்க்க முதல் வாப்பா உங்களுக்குப் போன் எடுத்துவிட்டார். வெள்ளிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் வந்து இறங்கினீங்கள். கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. சின்னவள் முற்றத்து மண்ணில் விளையாடுகிறாள்.