யாருக்கும் அனுமதி இல்லாத கச்சேரி

ஒரு காட்டில், அதாவது முன்பு காடாக இருந்து பிறகு மாநகராட்சி என்று பலகை நடப்பட்ட ஓர் இடத்தில், தெய்வானை என்று ஒரு கீரி இருந்தது. பாம்புகள் எல்லாம் சேர்ந்து சங்கம் வைத்து, மூன்று பிரதிகளில் மனு கொடுத்ததிலிருந்து கீரிகளுக்குப் பழைய தொழில் போய்விட்டது. தெய்வானை ‘கானக முரசு’ என்ற வாரப் பத்திரிகையில் சேர்ந்து, ‘இந்த வாரம் எங்கே போகலாம்?’ என்ற பக்கத்தை எழுதி வந்தது.

மார்கழி பிறந்துவிட்டால் அந்தக் காட்டில் யாரும் வீடு தங்குவதில்லை. அந்த வாரத்துப் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். வௌவால்கள் நடத்தும் தலைகீழ் யோகா முகாம். நரிகளின் ஸ்டாண்ட்-அப் காமெடி. முயல்களின் குடும்பப் பட்டிமன்றம், பேச்சாளர்கள் நாற்பத்தெட்டுப் பேர். எழுத்தாளர் புலி தன் வாசகர்களை நேரில் சந்திக்கிறார், வாசகர்கள் சொந்தப் பொறுப்பில் வரவும். இவை போகச் சபாக்களில் காலை முதல் மாலை வரை கச்சேரி, நாட்டியம், கேண்டீன். கேண்டீனுக்கு முதலில் போய்விட்டு மிச்ச நேரத்தில் கச்சேரிக்குப் போகிறவர்களே அதிகம்.

புதன்கிழமை காலை தெய்வானையின் மேசைமேல் ஏதோ குதித்தது. பார்த்தால் ஒரு சில்வண்டு. உடம்பெல்லாம் இன்னும் மண்.

“வணக்கம் அம்மா. என் பேர் சபேசன். பாடகன். ஞாயித்துக்கிழமை மதியம் பன்னிரண்டரைக்கு ஆலமர சபாவுல எனக்கு முதல் கச்சேரி. உங்க பக்கத்துல ஒரு வரி போட முடியுமா?”

“எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று கேட்டது தெய்வானை.

“மண்ணுக்குள்ளதாம்மா. ஏழு வருஷம் சாதகம். எங்க குலத்துல அப்படித்தான். மேல வந்ததும் பதினாலு நாள் பாடலாம். அதுக்கப்புறம் கிடையாது.”

“கிடையாதுன்னா?”

“நாங்களே கிடையாது,” என்றது சபேசன். வாடகை வீட்டைக் காலி செய்கிறவர் தேதி சொல்வதுபோல அதைச் சாதாரணமாகச் சொன்னது. “இன்னைக்கு ரெண்டாவது நாள்.”

“எத்தனை உருப்படி பாடுவீங்க?” என்று தெய்வானை கேட்டு வைத்தது.

“உருப்படி எல்லாம் இல்லைம்மா. ஒரே ஒரு ஸ்வரம். ஆனா அது சுத்தமா இருக்கும்.”

தெய்வானை அந்த வரியைத் தானே எழுதி அச்சுக்கு அனுப்பியது. ‘ஞாயிறு மதியம் 12.30, ஆலமர சபா, சில்வண்டு சபேசன், வாய்ப்பாட்டு, அனுமதி இலவசம்.’

மாலையில் ஆசிரியர் கொக்கு ஏகாம்பரம் அந்த வரியை அடித்துவிட்டது. பருத்திக்கொட்டைப் பாயசத்துக்கு அரைப் பக்க விளம்பரம் வந்திருந்தது. ஆனால் வந்த விளம்பரம் சொன்ன அளவைவிடக் கொஞ்சம் சின்னது. பக்கத்தில் மூன்று வரி இடம் வெற்றாக நின்றது.

“தெய்வானை, மூணு வரிக்கு ஏதாவது குடு. அச்சுக்கு நேரமாச்சு,” என்றது கொக்கு, ஒற்றைக்காலில் நின்றபடி.

“சார், அந்தச் சில்வண்டு வரியையே திரும்பப் போட்டுடலாமே.”

“பேர் தெரியாதவன் பேரைப் போட்டா யாரும்மா படிப்பா? மதியம் பன்னிரண்டரை மணிக் கச்சேரிக்குத் தூங்கறதுக்குத்தான் வருவாங்க. அதுக்கு விளம்பரம் எதுக்கு?”

தெய்வானைக்குக் கோபம் வந்தது. கீரிக்குக் கோபம் வந்தால் முன்பெல்லாம் யாராவது சாவார்கள். இப்போது பத்திரிகை வேலை என்பதால் பேனாவை எடுத்து மூன்று வரி எழுதி நீட்டியது.

‘ஞாயிறு மதியம் 12.30. கலைஞர் பெயர் வெளியிடப்படாது. இடம் வெளியிடப்படாது. யாருக்கும் அனுமதி இல்லை.’

கொக்கு அதைப் படித்தது. இரண்டாவது முறையும் படித்தது. தூக்கி வைத்திருந்த காலைக் கீழே வைத்தது. “இதை இத்தனை நாள் எங்கேம்மா ஒளிச்சு வச்சிருந்தே? கட்டம் கட்டிப் போடு!”

வெள்ளிக்கிழமை பத்திரிகை வந்தது. எட்டு மணிக்குள் அலுவலக வாசலில் வரிசை நின்றது. அனுமதி இல்லை என்பதற்கு விண்ணப்பம் எங்கே வாங்குவது என்று மான்கள் கேட்டன. மூத்த குடிமக்களுக்குத் தனியாக அனுமதி இல்லையா, எல்லாருக்கும் சேர்த்துத்தான் அனுமதி இல்லையா என்று ஒரு காட்டெருமை சண்டைக்கு வந்தது. மயில் சொர்ணலதாவுக்குக் கைப்பேசியில் பதினாறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள். அது தோகையை விரித்து ஒரு படம் எடுத்து, ‘ஒத்திகைக்கே என்னை உள்ளே விடவில்லை. எவ்வளவு பெருமை!’ என்று எழுதிப் போட்டது. அதைப் பார்த்துப் பதினாறாயிரம் பேரும் வயிறு எரிந்தார்கள்.

தெய்வானை ஜன்னலோரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் சபேசன் வந்தது. பத்திரிகையின் ஒரு மூலையைக் கஷ்டப்பட்டு இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

“என் பேர் வரலைம்மா.”

“தெரியும். மன்னிச்சிடுங்க. அடிச்சிட்டாங்க.”

“பரவாயில்லை. அதைக் கேக்க வரலை. அதே நாள், அதே நேரத்துல யாரோ பெரிய வித்வான் பாடறாரு போல. காடே அங்கேதான் போகும்னு பேசிக்கிறாங்க.” சபேசன் கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்தது. “யாரும்மா அவரு? ரொம்ப நல்லாப் பாடுவாரா?”

அந்த ஏழு வருஷக்காரனுக்கு எதிராக ஒரு போட்டிக் கச்சேரியை உண்டாக்கியதே தான்தான் என்பது தெய்வானைக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளே இல்லாத கச்சேரி. ஆனால் கூட்டம் முழுக்க அதற்குத்தான்.

“அவரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது,” என்றது. அது ஓரளவுக்கு உண்மை.

அன்று முழுவதும் தெய்வானைக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு யோசனை வந்தது. சனிக்கிழமை மயில் சொர்ணலதாவைத் தேடிப் போய், “யார்கிட்டயும் சொல்லாதீங்க. அந்த ரகசியக் கச்சேரி ஆலமர சபாவுலதான்,” என்று காதோடு சொன்னது. மயில் யாரிடமும் சொல்லவில்லை. கைப்பேசியில் எழுதிப் போட்டது, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆலமர சபா நிரம்பி வழிந்தது. சபா என்றால் பெரிய கட்டடம் இல்லை. ஆலமரத்தைச் சுற்றி மூங்கில் தட்டி கட்டி, ஒரே ஒரு கதவு வைத்த கொட்டகை. வாசலில் காவலுக்குக் கூத்தபெருமாள் என்ற ஆமை. செயலாளர் கரடி ரத்னசபாபதி இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததே இல்லை. “பன்னிரண்டரை மணிக் கச்சேரிக்கா? இவங்க எல்லாம் தூங்கப் பாய்க்கு நான் எங்கே போவேன்?” என்று கையைப் பிசைந்தது.

சபேசன் மைக்கின் மேல் ஏறி உட்கார்ந்தது. கூட்டத்தை ஒரு முறை பார்த்தது. கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தது.

யாரும் கவனிக்கவில்லை. காட்டெருமைகள் பாயசத்தைப் பற்றிப் பேசின. முயல் குடும்பம் இடம் பிடித்து வைத்த துண்டுக்காக அடித்துக்கொண்டது. ஒரு மான், “மைக்குல என்னமோ ரீங்னு சத்தம் வருது, யாராவது சரி பண்ணுங்கப்பா,” என்று கத்தியது. மயில் சொர்ணலதா கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டே வந்தது, பிறகு சட்டென்று நிறுத்தியது.

“ஒரு நிமிஷம். பத்திரிகையில என்ன போட்டிருந்தாங்க? யாருக்கும் அனுமதி இல்லைன்னுதானே?”

“ஆமா.”

“நம்மை உள்ளே விட்டுட்டாங்களே!”



“அப்போ இது அது இல்லை,” என்றது காட்டெருமை.

“நம்மளையே உள்ளே விடறாங்கன்னா இது எவ்வளவு மட்டமான நிகழ்ச்சியா இருக்கும்!” என்றது மான்.

எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகள் சரிந்தன. சபேசனுக்குக் கண் திறந்துவிட்டது. ஆனால் நிறுத்தவில்லை. கூட்டத்தின் முதுகைப் பார்த்தபடி பாடியது. அந்த ஸ்வரம் மட்டும் இம்மியும் அசையவில்லை. பின்வரிசையில் நின்ற தெய்வானை அதைக் கேட்டது. அப்படியே வாசலுக்கு ஓடியது.

“கூத்தபெருமாள் அண்ணே! இவங்க எல்லாரும் வெளியே போனதும் கதவைச் சாத்துங்க. எவ்வளவு வேகமா முடியுமோ அவ்வளவு வேகமா!”

“என் வேகம் தெரியும்ல?” என்றது ஆமை.

“தெரியும். ஆனாலும் சாத்துங்க.”

பிறகு ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, பாம்புகளோடு சமாதானம் ஆனதற்குப் பின் முதல் தடவையாகப் பல்லைக் காட்டிச் சீறியது. “எல்லாரும் வெளியே போங்க! யாருக்கும் அனுமதி இல்லை! போங்கன்னா போங்க!”

கூட்டத்தின் முகம் மலர்ந்தது.

“இதுதான்! இதேதான்!” என்று மயில் கூவியது. முயல்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன. “என்னைப் பிடிச்சுத் தள்ளினாங்கடா,” என்று காட்டெருமை பெருமையோடு சொல்லிக்கொண்டு வெளியேறியது. செயலாளர் கரடியும் எதற்கும் இருக்கட்டும் என்று கூடவே வெளியே போய்விட்டது. ஆமை வெளியே நின்று கதவைச் சாத்த ஆறு நிமிஷம் ஆனது. அந்த ஆறு நிமிஷமும் ஒருவர்கூட உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அவ்வளவு மரியாதை.

தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டதும் வெளியே ஓர் அமைதி வந்தது. அந்தக் காடு மாநகராட்சி ஆனதிலிருந்து அப்படி ஓர் அமைதி இருந்ததில்லை. மூங்கில் தட்டியைச் சுற்றி, காதை ஒட்டவைத்துக்கொண்டு, எல்லாரும் நின்றார்கள்.

உள்ளே சபேசன் பாடியது. முதலில் மெல்லிய கம்பி மாதிரி வந்த ஸ்வரம் மெல்ல விரிந்து, கொட்டகையை நிறைத்து, தட்டி இடுக்கு வழியாக வெளியே கசிந்தது. கொஞ்ச நேரத்தில் அது எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. தங்கள் தலைக்குள்ளிருந்தே வருகிற மாதிரி இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து அது நின்றபோது, இத்தனை நாளும் காதில் இருந்த எதையோ யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதுபோல எல்லாரும் திகைத்தார்கள். காட்டெருமை கண்ணைத் துடைத்துக்கொண்டது. “என்ன கதவு!” என்றது.

உள்ளே சபேசன் காலி நாற்காலிகளைப் பார்த்தது. “ஒருத்தரும் இல்லைம்மா.”

“தட்டி இடுக்கு வழியாப் பாருங்க,” என்றது தெய்வானை.

சபேசன் பறந்து போய்ப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. “இத்தனை பேரா? கதவைத் திறங்கம்மா. அவங்க முகத்தைப் பக்கத்துல பார்க்கணும்.”

“வேண்டாம் சபேசன்.”

“ஏழு வருஷம் இருட்டுல இருந்திருக்கேம்மா. ஒரு முகம்கூடப் பார்த்ததில்லை.”

அதற்குமேல் தெய்வானையால் மறுக்க முடியவில்லை. கதவைத் தட்டி, வெளியே நின்ற ஆமையிடம் தாழ்ப்பாளை எடுக்கச் சொன்னது. கூட்டம் உள்ளே பாய்ந்தது. சபேசன் மைக்கின் மேல் நின்று இரண்டு முன்னங்கால்களையும் கூப்பியது.

“கேண்டீன் எந்தப் பக்கம்?” என்றது காட்டெருமை. மயில் சொர்ணலதா மைக்கைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டது. படத்தில் மைக்கின் மேல் ஏதோ தூசி இருக்கிறதென்று ஊதிவிட்டது. அந்தத் தூசிதான் வித்வான்.

காலி நாற்காலிகளுக்கு அடியில் போய் விழுந்த சபேசனைத் தெய்வானை தேடி எடுத்தது. அழுகிறதோ என்று பார்த்தது. சபேசன் சிரித்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கும் பாடறேம்மா. மிச்சமிருக்கிற நாள் பூரா பாடறேன். ஆனா ஒண்ணு. தாழ்ப்பாளை மட்டும் எடுக்காதீங்க.”

அப்படியே நடந்தது. தினமும் மதியம் பன்னிரண்டரைக்கு ஆமை கதவைச் சாத்தியது. தினமும் கூட்டம் கூடிக்கொண்டே போனது. மற்ற சபாக்கள் சும்மா இருக்குமா? அவையும் தட்டி கட்டி, ‘இங்கேயும் அனுமதி இல்லை’ என்று பலகை மாட்டின. வௌவால்கள் யோகா முகாமுக்குள் வௌவால்களையே விடவில்லை. கொக்கு ஏகாம்பரம் தெய்வானையின் பக்கத்தை இரண்டு பக்கமாக்கி, ‘இந்த வாரம் எங்கே போக முடியாது?’ என்று தலைப்பை மாற்றியது.

பதினாலாவது நாள் சபேசன் கால் மணி நேரம்தான் பாடியது. நின்றுவிட்டது. தெய்வானை கிட்டே போய்ப் பார்த்தது. மைக்கைப் பிடித்த பிடி விடாமல், லேசாக, காய்ந்த இலை மாதிரி இருந்தது. தெய்வானை அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, காலி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தது.

வெளியே யாருக்கும் தெரியவில்லை. அவர்கள் இன்னும் முக்கால் மணி நேரம் நின்று, வராத பாட்டைக் காது கூசாமல் கேட்டுவிட்டுப் போனார்கள். ‘இன்று கடைசியில் அந்த மௌனம்! இந்த சீசனிலேயே அதுதான் உச்சம்,’ என்று மயில் சொர்ணலதா எழுதியது.

சீசன் முடிந்து, அந்த ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருது அறிவிக்கப்பட்டது. நடுவர்கள் ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது காவலாளி ஆமை கூத்தபெருமாளை. கதவைச் சாத்துவதில் அது காட்டிய நிதானமும், தாழ்ப்பாள் போடும் இடத்தில் கொடுத்த அழுத்தமும் வேறு யாரிடமும் இல்லையாம். தெய்வானை அந்தச் செய்தியை எழுத மறுத்துவிட்டது. கொக்கே எழுதிக்கொண்டது.

ஆமை சால்வைக்கு அளவு கொடுத்துவிட்டு, இரண்டு நாள் முன்னதாகவே கிளம்பி, சரியான நேரத்துக்கு விழா மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தது. உள்ளே விடவில்லை.

நீதி: கலைஞனாக வேண்டுமென்றால் ஏழு வருஷம் சாதகம் செய்யுங்கள். பிரபலமாக வேண்டுமென்றால் ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்குங்கள். விருது வேண்டுமென்றால் தாழ்ப்பாளுக்கு வெளிப்பக்கமாக நில்லுங்கள்.