சந்தை மைதானத்துக் கல்

ஜேசிபி வண்டி கல்லை நெருங்கியதும் தணிகாசலம் வாய்க்கு வந்த பொய்யைச் சொல்லிவிட்டார்.

"நிறுத்துங்க! அது ஜாகீர்தாரு குந்தின கல்லு!"

வண்டி நின்றது. பாவி மனுஷன், வாழ்க்கையில் சொன்ன முதல் பெரிய பொய் அது. ஆரணியின் பழைய சந்தை மைதானத்தை நிரவிப் புது வளாகம் கட்டப் போகிறார்கள். நடுவில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கருங்கல். அவர் மனைவி கமலம் முப்பது வருஷம் அந்தச் சந்தையில் கீரை விற்றவள். "நாளெல்லாம் கல்லு மேல குந்தி இடுப்பே பூடுச்சி" என்று தைலம் தேய்த்துக்கொள்வாள். பட்டுக் கடையில் புடவை மடித்துக் களைத்து வந்தவர் "உம்" என்பார். அவ்வளவுதான். அவள் போய் நாலு மாதம். வீட்டில் பேச ஆளில்லை. அவள் உட்கார்ந்த கல்லாவது இருக்கட்டும் என்று அவருக்குத் தவிப்பு.

"இன்னா பெரியவரே, ஆதாரம் இருக்குதா?" என்றார் இன்ஜினியர் ஜெயவேல்.

"எங்க தாத்தா சொன்னாருங்க. அது மேல குந்திதான் சந்தைக்கு நாயம் சொல்வாராம்."

ஒரு பொய்யைக் காக்க ஒன்பது பொய் வேண்டுமே! மறுநாள் கல்லைச் சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். தணிகாசலமே கிட்டே போக முடியவில்லை. பேராசிரியர் பார்த்திபன் வந்து, சந்தையின் வரலாறு என்று பலகைக்கு வாசகம் எழுதினார்.

"ஐயா, கீரை வித்தவங்களும் இங்க குந்தியிருந்தாங்கன்னு ஒரு வரி போடுங்களேன்."

"அதெல்லாம் வரலாறு ஆவாதுங்க."

தணிகாசலம் விடவில்லை. கயிறாவது அவிழட்டும் என்று அடுத்த பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"அது சாமி கல்லுங்க. கும்புடற ஜனத்தைத் தடுக்கக் கூடாது."

கயிறு அவிழ்ந்தது. ஐயோ, அதோடு விட்டதா? மறுநாளே மஞ்சள் பூசி, மாலை போட்டு, பொங்கலும் வைத்துவிட்டார்கள். எங்கள் தெருச் சாமி என்று இந்தத் தெரு, எங்களுடையது என்று எதிர்த்தெரு. கைகலப்பாகிப் போலீஸ் வந்தது.

"பேஜாரே வேணாம். ஜல்தியா வேலூர் மியூசியத்துக்கு ஏத்துங்க" என்றார் ஜெயவேல்.

தணிகாசலம் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நான் சொன்னது அத்தினியும் பொய்யிங்க. அது எம் பொண்டாட்டி குந்தின கல்லு."

"பாருய்யா, சாமி கல்ல ஊட்டுக்குத் தள்ளிகினு போவப் பாக்கறாரு!" என்று கூட்டம் சிரித்தது. உண்மையை மட்டும் ஒருத்தரும் நம்பவில்லை.

கிரேன் கல்லைத் தூக்கியது. லாரி போய்விட்டது. கல் பெயர்ந்த பள்ளத்தருகே உட்கார்ந்து தணிகாசலம் வாய்விட்டு அழுதார்.

மகள் பிரசவத்துக்குக் கண்ணமங்கலம் போயிருந்த கீரைக்கார அம்மணி அப்போதுதான் பஸ்ஸைவிட்டு இறங்கி வந்தாள். சந்தையில் கமலத்துக்குப் பக்கத்து இடம் அவளுடையது. மதிலோரம் கூடையை இறக்கிவிட்டு ஓடிவந்தாள்.

"இன்னா மாமா, இன்னாத்துக்கு அழுவுற?"

"உங்க அக்கா குந்தின கல்லு பூடுச்சிம்மா."

அம்மணி பள்ளத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அது ஆட்டைக் கட்டிப்போடற கல்லு மாமா, அக்கா குந்தினது அதோ அந்த மதிலோரத்துக் கல்லு, தெனமும் சாயங்காலம் உன் கடைத்தெருவு பக்கமே பாத்துகினு குந்தியிருக்கும், நீதான் ஒரு தபாகூட வரல."