பதினான்காம் கேள்விக்கு என் ஆட்சேபணை

இந்திய அரசாங்கத்தை எதிர்ப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது முடிவெடுத்தேன்.

காரணம் என் மகள் பெனிஷா. ஆறாம் வகுப்பு. நாடு முழுக்க மாணவர்களுக்கு ஒரு திறனறித் தேர்வு வைக்கிறார்களாம். அதில் அவள் பள்ளியும் உண்டாம். வைக்கட்டும், எனக்கென்ன? எழுதப்போவது அவள். ஆனால் தேர்வோடு சேர்த்துப் பிள்ளைகளிடம் வீட்டு விவரமும் வாங்குவார்களாம். அந்தக் கேள்விகளின் வரைவைப் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார்கள். பொதுமக்கள் முப்பது நாளுக்குள் கருத்துச் சொல்லலாம் என்று அடியில் ஒரு வரி.

வீட்டில் பேசும் மொழி எது? அதற்கு ஒரே ஒரு கட்டம். ஓசூரில் ஒரு கட்டம் எப்படிப் போதும்? நான் பால்காரரிடம் தெலுங்கு, காய்காரம்மாவிடம் கன்னடம், மனைவியிடம் மௌனம். சரி, போகட்டும் என்று பொறுத்துக்கொண்டேன். பதினான்காம் கேள்வியில்தான் பிரஷ் வாயிலேயே நின்றுவிட்டது.

'தந்தையின் கல்வித் தகுதி.'

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். நான் சூளகிரிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். மூன்று டன் சரக்கை முட்டையை வைப்பதுபோல இறக்கி வைப்பேன். ஆனால் பத்தாம் வகுப்புக் கணக்கில் நான் வாங்கியது இருபத்தெட்டு. பெனிஷாவிடம் சொல்லி வைத்திருப்பது தொண்ணூற்றெட்டு. ஒரே ஒரு இலக்கம்தானே மாற்றினேன்! அவளுக்குக் கணக்கில் மார்க் குறையும்போதெல்லாம் அந்தத் தொண்ணூற்றெட்டைத் தூக்கி அவள் தலையில் போட்டிருக்கிறேன். இப்போது அரசாங்கமே கேட்கிறது. "சர்டிபிகேட்டைக் காட்டுங்கப்பா, பார்த்து எழுதணும்" என்று அவள் வந்து நின்றால்? ஊர் சிரித்தால் சிரிக்கட்டும். அவள் முன்னால் சிறுத்துப்போக என்னால் முடியாது.

"மேரி! இந்தப் பதினாலாவது கேள்விய எடுக்கச் சொல்லி மனு போடப்போறேன்."

என் மனைவி அருள்மேரி தோசையைத் திருப்பினாள். "ஏங்க?"

"அப்பன் என்ன படிச்சான்னு கேக்க இவங்க யாரு? பரீட்சை எழுதறது அப்பனா, புள்ளையா?"

"புள்ளதாங்க."

"அப்புறம் என்னாத்துக்கு இந்தக் கேள்வி?"

"அதானே? என்னாத்துக்கு?"

பதிமூன்று வருடக் குடித்தனத்தில் முதல்முறையாக ஒத்துக்கொண்டாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"ஆனா நீங்க தொண்ணூத்தெட்டு வாங்கின ஆளாச்சே. உங்களுக்கு என்னாங்க பயம்?"

"எனக்கில்ல மேரி. படிக்காத அப்பன்மாரு எத்தன பேரு இருக்கறாங்க! அவங்களுக்காகப் போராடறேன்."

"பெரிய மனசுங்க உங்களுக்கு. நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன். உங்க எழுத்து உங்களுக்கே புரியாது."

சொன்னேன். எழுதினாள். சனிக்கிழமை அவளே என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் மையத்துக்குப் போனாள். அங்கே சரிதா என்ற பெண் என்னை ஒரு வெள்ளைச் சுவரின் முன் நிறுத்தினாள்.

"ஆட்சேபணைக்கு போட்டோ எதுக்கு மேரி?"

"மூஞ்சி தெரியாத ஆளு பேச்ச யாருங்க கேப்பாங்க?"

நியாயமாகத்தான் இருந்தது. தலையை வாரிக்கொண்டேன்.

"ஆதார் எதுக்கு?"

"நீங்க பொதுமக்கள்தான்னு அவங்க எப்படி நம்பறது?"

அதுவும் நியாயம். சரிதா தலை நிமிராமல், "ஒண்ணு மட்டும்தானேண்ணா?" என்று கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. மத்ததுல எனக்குப் பிரச்சினையே இல்ல."

மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கண்ணாடியை வீட்டில் விட்டு வந்திருந்ததால் எதையும் படிக்கவில்லை. "நல்லா பண்ணுங்கண்ணா" என்று சரிதா வாழ்த்தினாள். ஒரு போராளிக்குக் கிடைக்கும் மரியாதையே தனி என்று நினைத்துக்கொண்டேன். திங்கட்கிழமையிலிருந்து கம்பெனி கேன்டீனில் என் போராட்டப் பேச்சு தாங்க முடியவில்லை என்று பலர் இடம் மாறி உட்கார்ந்தார்கள்.

ஏழெட்டு வாரம் கழித்துத் திருத்திய கேள்வித்தாள் அதே வாட்ஸப் குழுவில் வந்தது. பெனிஷாவையும் மேரியையும் கூப்பிட்டு உட்காரவைத்து உரக்கப் படித்தேன்.

"கேள்வி பதினாலு. பொதுமக்கள் கருத்தை ஏற்றுத் திருத்தப்பட்டது! பொதுமக்கள்னா யாரு தெரியுமா? உங்கப்பாதான்!"

"கேள்விய எடுத்துட்டாங்களாப்பா?" என்றாள் பெனிஷா.

கண்ணாடியைப் போட்டேன். எடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த ஐந்து கட்டங்களுக்குக் கீழே ஆறாவதாக ஒன்று முளைத்திருந்தது. 'தற்போது படித்துக்கொண்டிருக்கிறார்.'

"மேரி, நான் சொன்னது இது இல்லியே?"

"நீங்க சொன்னத எழுதலீங்க. எழுத வேண்டியத எழுதினேன்."

மேரி பீரோவிலிருந்து ஒரு தாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தாள். தலை வாரிய என் முகம் அதில் பளிச்சென்று இருந்தது. ஹால் டிக்கெட். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, தனித்தேர்வர், பாடம்: கணக்கு. அடுத்த மாதம் பரீட்சை. கீழே, அன்று அந்த மையத்தில் படிக்காமல் போட்ட என் கையெழுத்து.

"உனக்கு... எப்பத் தெரியும்?"

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே உங்கக்கா சொல்லிட்டாங்க."

பதிமூன்று வருடத்தில் எங்கள் வீட்டில் நடக்காத சண்டை இல்லை. என் குறட்டையை இழுத்திருக்கிறாள், என் தம்பியை இழுத்திருக்கிறாள், என் குலத்தையே இழுத்திருக்கிறாள். இந்த இருபத்தெட்டை மட்டும் ஒருநாளும் எடுத்ததில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு என்னைக் காப்பாற்றியிருக்கிறாள். என்னை ஏமாற்றியவள்மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கண்ணில் தண்ணீர்தான் வந்தது. அவளுக்கு நான் எப்படி நன்றி சொல்வேன்? சொல்லத் தெரியாமல், "தோசை இருக்கா?" என்று கேட்டேன்.

பெனிஷா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அந்தத் தொண்ணூத்தெட்டு?"

"இருபத்தெட்டும்மா."

அவள் சிரிக்கவில்லை. கோபித்துக்கொள்ளவும் இல்லை. நெருங்கி உட்கார்ந்து என் தோளில் கையைப் போட்டாள்.

"பாஸ் மார்க் முப்பத்தஞ்சு. இன்னும் ஏழுதானேப்பா வேணும்? நான் சொல்லித் தர்றேன்."

நான் அப்போதும் முப்பத்தைந்திலிருந்து இருபத்தெட்டைக் கழித்துக்கொண்டிருந்தேன்.