உண்ணாமலை எந்த வகுப்பு?

ஒரு காட்டில் ஓர் ஏரி இருந்தது. ஏரி என்றால் தண்ணீர் இருக்கும் என்று நம்புகிறவர்கள் இப்போதே வேறு கதைக்குப் போய்விடலாம். இந்த ஏரியில் மழைக்காலத்தில் பத்து நாள் சேறு இருக்கும். மற்ற நாளெல்லாம் மூன்று கிலோமீட்டருக்கு மேடு பள்ளம் இல்லாத வெறும் தரைதான். அப்படி ஒரு தரையைப் பார்த்தால் மானுக்குத் துள்ளத் தோன்றும், யானைக்குப் படுக்கத் தோன்றும். இந்தக் காட்டு விலங்குகளுக்கு என்னவோ பழைய வண்டி ஓட்டத் தோன்றியது.

வண்டிகள் எல்லாம் மனிதர்கள் பள்ளத்தில் விட்டுவிட்டுப் போனவை. பெட்ரோல் எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். விலங்குகள் பேசுவதைப் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டவர்கள் பெட்ரோலுக்கு மட்டும் ரசீது கேட்பது நியாயமில்லை.

இது முட்டி மோதி முந்துகிற பந்தயம் அல்ல. ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் ஓடும். ஏரியின் நடுவில் ஒரு கிலோமீட்டர் அளந்து இரண்டு முனையிலும் கம்பம் நட்டிருந்தார்கள். கம்பத்துக்கு ஒரு மரங்கொத்தி. வண்டி கடக்கும்போது அது கொத்தும், நேரம் கணக்காகும். போகும்போது பின்காற்று தள்ளிவிட்டிருக்கலாம் அல்லவா? அதனால் ஒரு மணி நேரத்துக்குள் எதிர்த்திசையிலும் ஓடிக் காட்ட வேண்டும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் வேகம். தீப்பிடித்தால் அணைப்பதற்குத் தும்பிக்கையில் தண்ணீரோடு ஒரு யானை நிற்கும். அதற்குத் தும்மல் வந்தால் அன்றைய ஓட்டம் ரத்து.

வண்டிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருந்தார்கள். எந்த ஆண்டில் செய்தது, எஞ்சின் எவ்வளவு பெரியது, மேலே கூரை உண்டா, உள்ளே எதையாவது மாற்றியிருக்கிறதா என்று பார்த்துப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சாதனை. சாதனை படைத்தவர் பெயர் மதகுச் சுவரில் சுண்ணாம்பால் எழுதப்படும். எல்லாவற்றிலும் மதிப்பானது ஒரே வகுப்புதான்: தொன்மை, மாற்றம் செய்யப்படாதது. அதில் ஆறு வருஷமாக ஒரே பெயர். முயல் மாசிலாமணி, மணிக்கு அறுபத்தெட்டு கிலோமீட்டர்.

அந்தப் பெயரைத் தினமும் பார்த்துக்கொண்டே போகிற ஒருத்தி இருந்தாள். உடும்பு உண்ணாமலை. மதகுக்குப் பக்கத்துப் பொந்துதான் அவள் வீடு. பள்ளத்தில் கிடந்த ஒரு பழைய ஜீப்பை நான்கு வருஷம் ஒண்டியாகப் பழுது பார்த்தாள். கார்புரேட்டரை நாக்கால் துடைத்தாள். ஆணிகளைத் துரு போகப் புளித்தண்ணீரில் ஊறவைத்தாள். ஒரு பாகத்தையும் மாற்றவில்லை. வாலை ஆக்சிலரேட்டரில் வைத்து அழுத்தினால் ஜீப் எழுபதைத் தாண்டும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்து என்ன புண்ணியம்? மாசிலாமணிக்குத் தெரிய வேண்டும்.

ஏனென்றால் ஒருமுறை கரடியின் டீக்கடையில் வைத்து மாசிலாமணி சொல்லியிருந்தான்: "உண்ணாமலை நல்ல மெக்கானிக்தான், இல்லேங்கல. ஆனா ஓட்டுறதுங்கிறது ரத்தத்துல இருக்கணும்." கடையே சிரித்தது. உண்ணாமலையும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு ராத்திரி முழுக்க ஒரே ஆணியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதிவு தொடங்கிய அன்று காலையிலேயே ஜீப்பை உருட்டிக்கொண்டு போய் வரிசையில் நின்றாள். பரிசோதனை அதிகாரி நாரை நல்லசிவம். ஒற்றைக் காலில் நிற்பார், இன்னொரு காலில் ரப்பர் முத்திரை. முத்திரை குத்திய பிறகு காலை எங்கே வைப்பது என்று அவருக்கே தெரியாது, அதனால் முடிந்தவரை குத்தமாட்டார்.

ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அடியில் குனிந்து பார்த்தார். ஒரு குறையும் இல்லை. முகம் வாடிவிட்டது. பிறகு விண்ணப்பத்தைப் பார்த்தார், முகம் மலர்ந்தது.

"ஓட்டுநர் யாரம்மா?"

"நான்தாங்கய்யா."

"ஓட்டுநர் பிரிவு என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பவில்லை. நடப்பன, பறப்பன, ஊர்வன. நீங்கள் ஊர்வன. உங்களுக்குத் தனி வகுப்பு. அதில் இப்போதைய சாதனை ஒன்பது கிலோமீட்டர்."

"யாரு ஓட்டினது?"

"ஆமை. அதுவும் பிரேக் பிடிக்காததால்தான் ஒன்பது."

"ஐயா, எனக்கு ஆமையை முந்த வேணாம். மாசிலாமணி ஓடுற வகுப்புலயே என்னையும் ஓட விடுங்க. ஜீப் ஒரிஜினலா இல்லையா, அதை மட்டும் பாருங்க."

"ஊர்தி ஒரிஜினல்தான். ஊர்பவர் பிரச்சினை" என்றார் நல்லசிவம்.

இந்த இடத்தில் நல்லசிவத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். விதிப் புத்தகத்தில் முன்பு வண்டி என்றுதான் இருந்தது. போன வருஷம் காட்டெருமைகள் வந்து, வண்டி என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் உறவுக்காரர்கள் பட்ட பாடு நினைவுக்கு வருகிறது, மனம் புண்படுகிறது என்று மனுக் கொடுத்தன. கொம்பு வைத்தவர்களின் மனு அது, தள்ள முடியுமா? நல்லசிவம் ராத்திரி பகலாக உட்கார்ந்து, சரி, நின்று, வண்டி என்று வந்த இடத்திலெல்லாம் ஊர்தி என்று மாற்றினார். நல்ல தமிழ்ச் சொல். அதில் அவருக்குக் கொள்ளைப் பெருமை.

உண்ணாமலை எதையும் பிடித்தால் விடுகிற வம்சம் இல்லை. ஒரு வாரம் விதிப் புத்தகத்தோடு பொந்துக்குள் போய்விட்டாள். எட்டாம் நாள் வெளியே வந்து நேராக விதிக்குழுவின் முன்னால் போய் நின்றாள். குழுவில் நல்லசிவமும் ஓர் ஆந்தையும். கூட்டம் பகலில் நடப்பதால் ஆந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தலை ஆடினால் சம்மதம் என்று எழுதிக்கொள்வது வழக்கம்.

"ஐயா, பறக்குறவங்களைப் பறப்பனங்கிறோம். நடக்குறவங்களை நடப்பனங்கிறோம். ஊர்றவங்க?"

"ஊர்வன."

"ஊர்றதுக்குன்னே செஞ்ச வண்டி?"

நல்லசிவம் விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தார்.

"புத்தகத்துல நீங்களே எழுதினதுதானே ஐயா. ஊர்தி. அப்ப ஊர்தியை ஓட்ட ஒரிஜினலா ஏற்பட்டவங்க யாரு? நாங்கதானே? முயல் ஓட்டுறதுதான் மாத்தம் செஞ்சது. என்னை எப்படி ஒதுக்க முடியும்?"

நல்லசிவம் இரண்டு காலையும் கீழே வைத்துவிட்டார். யாரும் அவரை அப்படிப் பார்த்ததில்லை. ஊர்தி தவறான சொல் என்று ஒப்புக்கொண்டால் மறுபடியும் வண்டி என்று போட வேண்டும், காட்டெருமைகள் வரும். தவறில்லை என்றால் உடும்பு சொல்வது சரி. கொம்பையும் வாலையும் மனத்தில் எடை போட்டுப் பார்த்தார். ஆந்தையின் தலை ஆடியது.

மறுநாள் மதகுச் சுவரில் அறிவிப்பு: தொன்மை, மாற்றம் செய்யப்படாத வகுப்பில் இனி ஊர்வன மட்டுமே ஓட்டலாம். மற்றவர்கள் ஓட்டினால் ஓட்டுநர் மாற்றப்பட்டதாகக் கருதப்பட்டு வேறு வகுப்பு. மாசிலாமணியின் பெயரை அணில் ஒன்று வாலால் அழித்து, கீழே, ஓட்டைச் சைக்கிள்களின் சாதனைக்குப் பக்கத்தில் எழுதியது.

உண்ணாமலைக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவள் கேட்டது என்ன? அவனோடு ஒரே வகுப்பில் ஓட வேண்டும் என்றுதானே. வாதம் ரொம்ப நன்றாகப் போய், ஓட வேண்டியவனையே வெளியே தள்ளிவிட்டது. இப்போது அவள் எண்பதில் ஓடினாலும் தோற்பதற்கு ஆமையைத் தவிர ஆள் இல்லை.

ஆனால் மாசிலாமணியும் லேசுப்பட்டவன் இல்லை. ஆறு வருஷம் மேலே இருந்த பெயர் கீழே இறங்கினால் எந்த முயலுக்குத்தான் தூக்கம் வரும்? நேராக நல்லசிவத்திடம் போனான்.

"நான் ஊர்வன ஆகணும்னா என்ன செய்யணும்?"

நல்லசிவம் புத்தகத்தைப் புரட்டினார். ஆகக் கூடாது என்று எங்கேயும் இல்லை. "மூன்று மாதம் தொடர்ந்து ஊர்ந்து காட்ட வேண்டும். நடுவில் ஒரு துள்ளல் துள்ளினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்."

அந்த மூன்று மாதம் காட்டில் நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். காலையில் டீக்கடைக்கு மாசிலாமணி வயிற்றால் தேய்த்துக்கொண்டே வருவான். அவன் வந்து சேர்வதற்குள் வடை ஆறிவிடும். அவனைப் பார்த்து மான்கள் ஊர்ந்தன, நரி ஊர்ந்தது. காரணம் கேட்டால், எதற்கும் ஒரு சான்றிதழ் கையில் இருக்கட்டுமே என்றன. யானையும் ஒருநாள் ஊர்ந்து பார்த்தது. அந்த வழியில் இருந்த புதர்களுக்கு அதோடு கதை முடிந்தது.

ஒருநாள் உண்ணாமலையின் பொந்தைக் கடந்து மாசிலாமணி ஊர்ந்து போனான். முழங்கையெல்லாம் தோல் உரிந்து, காதில் நெருஞ்சி முள் ஒட்டியிருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது. இவன் தன்னோடு ஓடுவதற்காகத்தானே இந்தப் பாடு படுகிறான் என்று கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது.

"கையை ஊனாத மாசிலாமணி. வயித்தைத் தரையில அழுத்தி, இடுப்பை மட்டும் ஆட்டு."

"இதெல்லாம் நீங்க தினமும் செய்யறீங்களா?"

"தினமும்தான்."

அவன் இடுப்பை ஆட்டிக்கொண்டு போனான்.

ஓட்ட நாள் வந்தது. காடே கரையில் கூடியிருந்தது. மாசிலாமணி கையில் சான்றிதழ். அசல் ஊர்வன, முத்திரை உட்பட. காதுகளைச் சுருட்டித் தலைக்கவசத்துக்குள் திணித்துக்கொண்டு தன் கறுப்புக் காரில் ஏறினான். போகும்போது எழுபது, திரும்பும்போது அறுபத்தெட்டு. சராசரி அறுபத்தொன்பது. தன் சாதனையைத் தானே முறியடித்துவிட்டான். கரையில் ஒரே ஆரவாரம்.

அடுத்து உண்ணாமலை. நான்கு வருஷம் என்று ஒருமுறை நினைத்துக்கொண்டாள், பிறகு ஒன்றும் நினைக்கவில்லை. வாலை அழுத்தினாள். தரை பின்னால் ஓடியது. கம்பத்தருகே மரங்கொத்தி கொத்துவதற்குள் ஜீப் போய்விட்டதோ என்று எல்லோருக்கும் சந்தேகம். போகும்போது எழுபத்துநான்கு. எதிர்க்காற்றில் திரும்பும்போது எழுபத்திரண்டு. சராசரி எழுபத்துமூன்று.

அப்போது யானை தும்மியது. ஓட்டம் முடிந்துவிட்டதால் ரத்து இல்லை, எல்லோரும் நனைந்து கைதட்டினார்கள்.

உண்ணாமலை ஜீப்பை விட்டு இறங்கி நேராக மாசிலாமணியைப் பார்த்தாள். அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும்.

மாசிலாமணி தலைக்கவசத்தைக் கழற்றினான். காதுகளை நீவிவிட்டுக்கொண்டான். பிறகு மூன்று மாதத்தில் முதல் முறையாக எழுந்து நாலு காலில் நின்றான்.

"நல்ல ஓட்டம்தான், இல்லேங்கல. ஆனா நான் இன்னைக்கு ஊர்வனவா இருந்து ஓட்டினேன் பாருங்க, அதான் கொஞ்சம் குறைஞ்சுபோச்சு. முயலா ஓட்டியிருந்தா நிலைமையே வேற."

நல்லசிவத்துக்கு அந்த வாதம் பிடித்துப்போனது. உடனே புத்தகத்தைத் திறந்து ஒரு வரி சேர்த்தார். பிறவி ஊர்வன ஒரு வகுப்பு, பின்னாளில் ஊர்வன ஆனவர்கள் ஒரு வகுப்பு. ஆளுக்கு ஒரு முதலிடம். இரண்டு பெயரும் சுவரில், ஒரே உயரத்தில்.

"அப்ப நான் யாரை ஜெயிச்சேங்கய்யா?" என்று கேட்டாள் உண்ணாமலை.

"யாரையும் தோற்கடிக்காமல் ஜெயிப்பதுதானம்மா இந்தப் பந்தயத்தின் மேன்மை" என்றார் நல்லசிவம், முத்திரையைத் தேடிக்கொண்டே.

உண்ணாமலைக்கு அழுகை வந்தது. எல்லோர் முன்னாலும் அழக் கூடாது என்று ஜீப்பில் ஏறிச் சாவியைத் திருகினாள். அப்போது பின்னால் ஒரு முனகல். மாசிலாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். மூன்று மாதம் ஊர்ந்த முதுகு, திடீரென்று நிமிர்ந்ததும் பிடித்துக்கொண்டுவிட்டது. குனிய முடியவில்லை, தன் காருக்குள் நுழையக்கூட முடியவில்லை.

"அக்கா, போற வழிதானே. என்னைக் கொஞ்சம் வீட்டுல இறக்கிவிட முடியுமா?"

மாட்டேன் என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் வலியில் அவன் மீசை துடித்ததைப் பார்த்தாள். பின்சீட்டில் அவனைக் கிடத்தினாள். ஏரியைக் குறுக்கே கடந்தால் சீக்கிரம் போய்விடலாம். கம்பம் இல்லாத பக்கமாக, மரங்கொத்தி இல்லாத பக்கமாகத் திருப்பி வாலை அழுத்தினாள். அறுபது, எழுபது, எழுபத்தைந்து. ஜீப் பாடியது.

பின்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு மாசிலாமணி சொன்னான்:

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் போங்க."

"காத்துல கேக்கல மாசிலாமணி. என்ன சொன்ன?"

"மெதுவாப் போங்கன்னு சொன்னேன். இவ்வளவு வேகத்துல நான் போனதில்லை."

உண்ணாமலை மெதுவாகப் போகவில்லை. அவன் வீட்டைத் தாண்டி, ஏரியை இன்னொரு சுற்று சுற்றிவிட்டுத்தான் இறக்கிவிட்டாள்.

நீதி: எதிராளியைத் தோற்கடிக்க வேகமோ விதியோ வகுப்போ தேவையில்லை. அவனுக்கு ஒரு முதுகுப்பிடிப்பும் உன் வண்டியில் ஒரு பின்சீட்டும் இருந்தால் போதும்.